அப்பாவுக்கு எச்.ஐ.வி. இல்லை, ஆனால் மூளையில் பூஞ்சை

கேள்வி:

டாக்டர் ஐயா, நாங்கள் வண்டிப்பெரியாறு பக்கம் எஸ்டேட் லயத்தில் இருந்தவர்கள், இப்போது கம்பத்தில் இருக்கிறோம். அப்பாவுக்கு 59 வயது, 12 வருடமாகச் சர்க்கரை. மூட்டுவலிக்கு ஒருவர் பொட்டலத்தில் கட்டித் தரும் மாத்திரையை நாலைந்து வருடமாகச் சாப்பிட்டு வந்தார். தை மாதம் தலைவலி ஆரம்பித்தது. சைனஸ் என்றார்கள், கண்ணாடி மாற்றச் சொன்னார்கள், அப்புறம் மூளைக் காசநோய் என்று மாத்திரை தொடங்கினார்கள். மூன்று வாரத்தில் வாந்தியும் பேச்சுக் குழப்பமும் வர, கேரளாவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கேதான் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை என்று கண்டுபிடித்தார்கள். எச்.ஐ.வி. இரண்டு முறை பார்த்தும் இல்லை. ஆம்போடெரிசின் என்ற பூஞ்சை மருந்து ஊசி இன்று 16ஆவது நாள். முதுகில் மூன்று தடவை தண்ணீர் எடுத்தாகிவிட்டது, முதல் தடவை அழுத்தம் 34 என்று எழுதியிருக்கிறது. இப்போது ஆளை அடையாளம் தெரிகிறது, ஆனால் சிறுநீரகம் அடிபடுவதைக் காட்டும் கிரியேட்டினின் ஏறுகிறது. இன்னும் குறைந்தது இரண்டு வாரம் ஊசி என்கிறார்கள். அண்ணனோ, "ரெண்டு வாரம் போதும்னு போன்லயே போட்டிருக்கு, முதுகுல தண்ணி எடுத்து எடுத்துக் கால் விளங்காமப் போயிரும், கூட்டிட்டுப் போயிரலாம்" என்கிறார். எச்.ஐ.வி. இல்லாதவருக்கு இது சீக்கிரம் சரியாகிவிடும்தானே? சொந்தக்காரர்கள் வேறு ஒரு மாதிரியாகப் பேசுகிறார்கள். அப்பா பிழைப்பாரா? பார்வை மங்கலாக இருக்கிறது, திரும்புமா? வீட்டில் மாடியில் புறா வளர்க்கிறோம், என் பையனுக்கு 4 வயது, அவனுக்குத் தொற்றுமா? கட்டஞ்சாயா (பால் இல்லாத டீ) கேட்கிறார், கொடுக்கலாமா?

பதில்:

தங்கச்சி, மற்றதை எல்லாம் விடுங்கள், முதலில் அண்ணன் சொல்வதற்குப் பதில். கூட்டிக்கொண்டு போகாதீர்கள். பதினாறாவது நாளில், கொஞ்சம் பேச்சு தெளிந்து, நம்மை அடையாளம் கண்டு, "வீட்டுக்குப் போலாம்"னு அவரே கேட்க ஆரம்பிக்கிற இந்த நேரத்தில்தான் நிறையக் குடும்பங்கள் கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போகிறார்கள், ஒன்றரை மாதம் கழித்துக் குமுளி ரோட்டில் ஆம்புலன்ஸில் திரும்ப வருகிறார்கள். மலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் பார்த்தது இது.

அடுத்து, எச்.ஐ.வி. இல்லை என்றால் லேசாகப் போய்விடும் என்ற நினைப்பு. உங்கள் அண்ணனுக்கு மட்டுமில்லை, பல டாக்டர்களுக்கே அது உண்டு. நிஜம் கிட்டத்தட்ட நேர்மாறு. பல ஊர்க் கணக்குகளில் எச்.ஐ.வி. இல்லாதவர்கள் அதே அளவுக்கோ, சில இடங்களில் அதைவிட அதிகமாகவோ இறந்திருக்கிறார்கள். பூஞ்சை அவர்களிடம் கொடூரமாக நடந்துகொள்கிறது என்பதால் இல்லை. அவர்களிடம் பூஞ்சையை யாரும் தேடுவதில்லை என்பதால். எச்.ஐ.வி. உள்ள ஒருவர் பத்து நாள் தலைவலி என்று வந்தால் முதல் நாளே கிரிப்டோகாக்கஸ் பரிசோதனை போகும். சர்க்கரை உள்ள ஓர் ஏலத்தோட்டத் தொழிலாளி அதே தலைவலியோடு வந்தால் சைனஸ், கண்ணாடி, கழுத்து எலும்புத் தேய்மானம், கடைசியில் காசநோய். உங்கள் அப்பா போன பாதை அப்படியே அதுதான், தை மாதம் தொடங்கிய தலைவலிக்கு எப்போது பெயர் வந்தது என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

காசநோய் என்று நினைத்தவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை, நானே செய்திருக்கிறேன். பல வருடம் முன்பு, லூபஸ் என்ற, உடம்பின் காவலே உடம்பைத் தாக்கும் நோய்க்கு ஸ்டீராய்டு சாப்பிட்டு வந்த ஒரு பெண். முதுகுத்தண்டு நீரில் லிம்போசைட் அணுக்கள் அதிகம், சர்க்கரை குறைவு, புரதம் கூடுதல். நம் ஊரில் இந்த மூன்றும் சேர்ந்தால் கை தானாகக் காசநோய் மாத்திரை எழுதும், என் கையும் எழுதியது. இரண்டு நோயும் அந்த ரிப்போர்ட்டில் ஒரே முகத்தோடுதான் இருக்கும். இந்திய மை சோதனையும் செய்தேன், ஒன்றும் தெரியவில்லை, அத்தோடு விட்டுவிட்டேன். அது என் தப்பு. முதுகு நீரில் ஒரு துளியோடு கறுப்பு மையைக் கலந்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால், சுற்றிலும் கறுப்பாக இருக்க, பூஞ்சை மட்டும் தன் கெட்டியான உறையால் மையைத் தள்ளி நிறுத்தி, வெள்ளை வளையத்துக்குள் உட்கார்ந்திருக்கும், மழைக்கால நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டினது போல. ஒரு தடவை பார்த்தால் மறக்காது. ஆனால் எச்.ஐ.வி. உள்ளவர்களின் நீரில் பூஞ்சை மொய்த்துக் கிடக்கும், மற்றவர்களுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும் என்பதால், மைச் சோதனை இவர்களில் பாதிப் பேரிடம் கோட்டைவிடும். பூஞ்சையின் உறைப் பொருளைத் தேடும் ஆன்டிஜன் சோதனை அப்படி இல்லை. பத்து நிமிடத்தில் பட்டையில் கோடு விழும், எச்.ஐ.வி. இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதிகம் தவறவிடாது. அந்தப் பெண்ணுக்கு மூன்று வாரம் கழித்துக் கல்ச்சரில்தான், அதாவது நீரிலிருந்து பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்தான் தெரிந்தது. அவர் பிழைத்தார், ஒரு கண் மட்டும் போய்விட்டது. அதற்கப்புறம் என்னிடம் வரும் முதுகு நீர் எதுவும் ஆன்டிஜன் பார்க்காமல் போவதில்லை.

சொந்தக்காரர்கள் பேச்சுக்கு வருவோம். எச்.ஐ.வி. என்ற பெயரையே உலகம் கேட்டிராத 1894இலேயே ஜெர்மனியில் இந்தப் பூஞ்சையை ஒரு நோயாளியிடம் கண்டிருக்கிறார்கள். சிறுநீரகம் மாற்றியவர்கள், ஈரல் சுருங்கியவர்கள், ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள் எல்லோருக்கும் இது வரும், எந்தக் குறையும் கண்டுபிடிக்க முடியாத ஆட்களுக்கும் வரும். எச்.ஐ.வி. இல்லாமலேயே சி.டி.4 என்ற எதிர்ப்புச் சக்தி அணுக்கள் குறைந்திருப்பவர்கள் ஒரு சிலர் உண்டு, அதனால் டாக்டர்கள் அந்தப் பரிசோதனையை அனுப்பினால் சந்தேகப்படுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். யாராவது வாயைக் கோணிக்கொண்டு கேட்டால், "சர்க்கரையும் மூட்டுவலி மாத்திரையும்" என்று சொல்லிவிட்டு வாசலைச் சாத்துங்கள்.

அந்தப் பொட்டல மாத்திரை. உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் உறுத்தியது அதுதான், நீங்கள் ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். மூட்டுவலிக்கு இரண்டு நாளில் ஆளைத் துள்ளி எழ வைக்கிற பொட்டலங்களில் பெரும்பாலும் ஸ்டீராய்டுதான் இருக்கும், டெக்சாமெத்தசோன் அல்லது பிரெட்னிசோலோன். அப்பாவுக்கு முகம் உருண்டு, வயிறு மட்டும் முன்னால் வந்து, கை கால் மெலிந்து, தோல் தொட்டால் ஊதா நிறத்தில் கன்றிப்போவது போல இருந்ததா? சர்க்கரை எந்த மாத்திரைக்கும் அடங்காமல் இருந்ததா? அப்படியென்றால் கிட்டத்தட்ட உறுதி. நான்கு வருட ஸ்டீராய்டும் பன்னிரண்டு வருடச் சர்க்கரையும் சேர்ந்தால் உடம்பின் காவல் பாதி தூங்கிவிடும், காற்றில் எப்போதும் மிதக்கும் பூஞ்சை நுரையீரலுக்குள் போய், அங்கே சத்தமில்லாமல் தங்கி, நேரம் பார்த்து மூளைக்கு ஏறும்.

இதை வார்டு டாக்டரிடம் சொன்னீர்களா? சொல்லாமல் இருந்தால் இன்று சாயங்கால ரவுண்டுக்குள் சொல்லிவிடுங்கள், திட்டுவார்கள் என்று மறைக்காதீர்கள். வருடக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு போனால் உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதை நிறுத்தியிருக்கும், திடீரென்று பொட்டலம் நின்றால் ரத்த அழுத்தம் இறங்கும், வாந்தி வரும், ஆள் துவண்டுபோவார். அதைப் பார்த்துப் பூஞ்சை மறுபடி ஏறிவிட்டது என்று நினைக்க வாய்ப்பு இருக்கிறது. வீட்டில் மிச்சம் பொட்டலம் இருந்தால் தூக்கிப் போடாமல் அப்படியே எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

இப்போது நீங்கள் கேட்க நினைத்து நடுவில் ஒளித்து வைத்த கேள்வி, பிழைப்பாரா என்பது. உங்கள் அப்பாவைப் பார்க்காமல் நான் ஜோசியம் சொல்ல முடியாது, ஆனால் பெரிய கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்காவில் 15 மருத்துவமனைகளில், எச்.ஐ.வி. இல்லாத 306 கிரிப்டோகாக்கஸ் நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்து 2001இல் வெளியிட்டார்கள், அதில் ஏறக்குறையச் சரிபாதிப் பேருக்கு மூளையில் தொற்று. 100க்கு 30 பேர் இறந்தார்கள். ஆனால் பூஞ்சையாலேயே இறந்தவர்கள் என்று பார்த்தால் 100க்கு 12 பேர்தான், மற்றவர்களைக் கொண்டுபோனது அவர்களுக்கு ஏற்கெனவே இருந்த நோய்கள். சிகிச்சை பலன் தந்தது ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு. இது வசதியான ஊரின் கணக்கு, மருந்து நேரத்துக்குக் கிடைக்கிற, நோயைச் சீக்கிரம் பிடிக்கிற இடம். நம் பக்கம் அதைவிடக் கொஞ்சம் மோசமாகவே வைத்துக்கொள்ள வேண்டும். ஆம்போடெரிசின் வருவதற்கு முன்னால், அதாவது 1950களுக்கு முன்னால், மூளையில் இந்தப் பூஞ்சை என்றால் ஏறக்குறைய எல்லோருமே போய்விடுவார்கள், அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சில விஷயங்கள் முன்கூட்டியே காட்டும். வரும்போதே நினைவு தப்பியிருந்தவர்கள், முதுகு நீரில் பூஞ்சை மிகுதியாக இருந்தும் அதை எதிர்க்க வெள்ளணுக்கள் வராதவர்கள், தலைக்குள் அழுத்தம் ஏறியும் அதை இறக்காமல் விடப்பட்டவர்கள், ஈரல் கெட்டவர்கள், ரத்தப் புற்றுநோய் உள்ளவர்கள், இவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். உங்கள் அப்பா குழப்பத்தோடு வந்தார், அது ஒரு குறை. இரண்டு வாரத்தில் தெளிந்திருக்கிறார், அழுத்தத்தை மூன்று தடவை இறக்கியிருக்கிறார்கள், அது நல்லது. இன்னொன்றை நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: இரண்டு வாரம் முடிந்து எடுத்த நீரின் கல்ச்சரில் பூஞ்சை வளர்ந்ததா, இல்லையா? சிகிச்சையின் பாதையைத் தீர்மானிப்பது அந்த ஒரு விடை. முடிவு வரச் சில நாள் ஆகும், வந்ததும் தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதுகில் தண்ணீர் எடுப்பதைப் பற்றி உங்கள் அண்ணன் பயப்படுவதற்காக அவரைச் சிரிக்காதீர்கள், எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள். விஷயம் இதுதான். தண்டுவடம் இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்துவிடுகிறது, ஊசி போவது அதற்கும் கீழே, அங்கே நீரில் மிதக்கும் நரம்பு நூல்கள்தான் இருக்கும், ஊசி வந்தால் நூல் நகர்ந்துகொள்ளும். ஒரு தடவைக்கு 25, 30 மில்லி எடுப்பார்கள். நம் உடம்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 500 மில்லி இந்த நீரைச் சுரக்கிறது, எடுத்தது ஒன்றரை மணி நேரத்தில் ஊறிவிடும்.

ஏன் எடுக்க வேண்டும் என்றால், பூஞ்சையும் அதன் வழவழப்பான உறைப் பொருளும் போய் நீர் வடிகிற இடத்தை அடைத்துவிடுகின்றன. கம்பம் வயல்காட்டில் மடையில் சேறு அடைத்தால் என்ன ஆகும்? முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், வடியாது, வரப்பு உடையும். இங்கே உடைவது கண் நரம்பும் காது நரம்பும், கடைசியில் உயிரும். ஊசியின் மறுமுனையில் ஒரு கண்ணாடிக் குழாயை நிறுத்திப் பார்ப்போம், 20 சென்டிமீட்டருக்குள் நீர் நின்றால் நல்லது, 25 தாண்டினால் இறக்க வேண்டும். உங்கள் அப்பாவுக்கு 34. நான் ஒரு தடவை பார்த்திருக்கிறேன், குழாயின் உச்சிவரை ஏறி வழிந்து என் கையுறையில் கொட்டியது. அந்த ஆள் இரண்டு நாளாகக் கண்ணைத் திறக்காமல் முனகிக்கொண்டிருந்தவர், 30 மில்லி எடுத்துவிட்டு அரை மணி நேரத்தில் எழுந்து, "டீ இருக்கா" என்று கேட்டார். பூஞ்சை மருந்து அன்றுதான் தொடங்கியிருந்தோம், அதனால் அது மருந்தின் வேலை இல்லை, அழுத்தம் இறங்கியதன் வேலை. தேவைப்பட்டால் தினமும் எடுப்பார்கள். தினமும் எடுத்தும் அழுத்தம் ஏறிக்கொண்டே இருந்தால், மூளையிலிருந்து வயிற்றுக்குள் ஒரு மெல்லிய குழாய் வைத்துவிடலாம், ஷன்ட் என்பார்கள். பூஞ்சை மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை வைக்கலாம், பயப்படத் தேவையில்லை. மூளை வீக்கத்தைக் குறைக்கக் கொடுக்கும் மனிட்டால் பாட்டிலை ஏற்றிவிட்டு முதுகு ஊசியைத் தள்ளிப்போடுகிற வழக்கம் சில இடங்களில் உண்டு, இந்த நோயில் அது பலன் தருவதாக நிரூபணம் இல்லை.

சரி, இரண்டு வாரமா நாலு வாரமா? அண்ணன் போனில் பார்த்தது பொய் இல்லை, ஆனால் அது வேறு ஆட்களுக்கானது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு முதல்கட்டம் இரண்டு வாரம் என்பது பழைய கணக்கு. 2022இல் ஆப்பிரிக்காவின் ஐந்து நாடுகளில் நடந்த ஓர் ஆய்வு, லிப்போசோமல் ஆம்போடெரிசினை (கொழுப்புக் குமிழிக்குள் அடைத்த வகை) பெரிய அளவில் ஒரே ஒரு தடவை கொடுத்து, கூடவே இரண்டு வாரம் மாத்திரைகள் கொடுத்தாலே பழைய முறைக்குச் சமம் என்று காட்டியது. அருமையான ஆய்வு, ஏழை நாடுகளுக்கு வரப்பிரசாதம். ஆனால் அதில் இருந்த அத்தனை பேருக்கும் எச்.ஐ.வி. இருந்தது. அவர்களுக்கு எச்.ஐ.வி. மருந்தால் எதிர்ப்புச் சக்தி திரும்பி வந்து பின்னால் காவல் காக்கும். உங்கள் அப்பாவுக்குத் திரும்பக் கொடுக்க அப்படி ஒரு மருந்து இல்லை. அவரைப் போன்றவர்களுக்கு 1979இல் ஓர் ஆய்வு, ஆம்போடெரிசினோடு ஃப்ளூசைட்டோசின் என்ற மாத்திரை சேர்த்து ஆறு வாரம் கொடுப்பது, ஆம்போடெரிசின் மட்டும் பத்து வாரம் கொடுப்பதைவிட மேல் என்று காட்டியது. 1987இல் அடுத்தது, நாலு வாரம் போதுமா என்று. போதும், ஆனால் எல்லோருக்கும் இல்லை என்று வந்தது. வேறு நோய் இல்லாத, ஸ்டீராய்டு எடுக்காத, நரம்புச் சிக்கல் இல்லாத ஆட்களுக்கு நாலு. மற்றவர்களுக்கு நாலோடு நிறுத்தினால் நோய் திரும்புவது கூடியது. அதனால்தான் 2010 அமெரிக்க வழிகாட்டியும் எச்.ஐ.வி. இல்லாதவர்களுக்குக் குறைந்தது நாலு வாரம், சிக்கல் இருந்தால் ஆறு என்று எழுதியது. "குறைந்தது" என்று உங்கள் டாக்டர் சொன்னாரே, அந்த வார்த்தைக்குள் இவ்வளவு இருக்கிறது. ஸ்டீராய்டு பொட்டலக் கதை தெரிந்தால் அவர் ஆறு வாரம் என்று சொன்னாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

கிரியேட்டினின் ஏறுவது ஆம்போடெரிசினின் குணம். வெனிசுவேலாவில் ஓரினோகோ ஆற்றங்கரை மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரியிடமிருந்து எடுத்த மருந்து, எழுபது வருடமாக இதைவிட நல்ல ஒன்று மூளைப் பூஞ்சைக்கு வரவில்லை, ஆனால் முரட்டு மருந்து. ஏற்றிய ஒரு மணி நேரத்தில் குளிர் எடுத்துப் பல் கிட்டிப்போகும், கை நரம்பு வீங்கும், பொட்டாசியமும் மெக்னீசியமும் சிறுநீரில் கொட்டிப்போகும், ரத்தம் குறையும். அதற்காகத்தான் மருந்துக்கு முன்னால் உப்புநீர் பாட்டில் ஒன்று ஓடும், மருந்து பாட்டிலில் உப்புநீர் கலக்காமல் குளுக்கோஸ் நீரில் கலப்பார்கள் (உப்புநீர் பட்டால் மருந்து திரிந்துவிடும், சர்க்கரை நோயாளிக்கு ஏன் குளுக்கோஸ் என்று நர்ஸோடு சண்டை போடாதீர்கள்). கிரியேட்டினின் ஏறினால் மருந்தை நிறுத்துவது முதல் வழி இல்லை. சாதா ஆம்போடெரிசின் ஓடிக்கொண்டிருந்தால் லிப்போசோமல் வகைக்கு மாற்றலாம், அது சிறுநீரகத்தை அவ்வளவு அடிக்காது. விலைதான் அடிக்கும். கிலோவுக்கு 3, 4 மில்லிகிராம் வேண்டும், அப்பா 55 கிலோ இருந்தால் 50 மில்லிகிராம் குப்பி ஒரு நாளைக்கு நாலு, இரண்டு வாரத்துக்கு 56 குப்பி. பில்லில் அந்த எண்ணைப் பார்த்து ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம், கணக்கு அதுதான். ஆஸ்பத்திரி சமூகநலப் பிரிவில் காப்பீட்டு அட்டையோடு போய்ப் பேசுங்கள், தமிழ்நாட்டு அட்டை அங்கே செல்லுமா என்பதை முதல் வேளையாகக் கேளுங்கள், ஏனென்றால் எல்லை தாண்டி வந்த நம் ஆட்கள் பலர் டிஸ்சார்ஜ் அன்றுதான் அதைக் கேட்கிறார்கள்.

ஃப்ளூசைட்டோசின் மாத்திரை கிடைத்ததா என்றும் கேளுங்கள். பூஞ்சையை வேகமாக அழிப்பதில் ஆம்போடெரிசினுக்குச் சரியான ஜோடி அது, நம் நாட்டில் நெடுங்காலமாகவே அது குதிரைக்கொம்பு. கிடைக்காவிட்டால் ஃப்ளூகோனசோல் பெரிய அளவில் சேர்த்துக் கொடுப்பார்கள். அதுவும் வேலை செய்யும், கொஞ்சம் மெதுவாக.

ஒரு குழப்பத்தை முன்கூட்டியே தீர்த்துவிடுகிறேன். ஸ்டீராய்டுதான் கெடுத்தது என்று இவ்வளவு சொல்லிவிட்டு, நாளை அங்குள்ள டாக்டரே ஸ்டீராய்டு எழுதினால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? எச்.ஐ.வி. இல்லாத சிலருக்கு, பூஞ்சை செத்த பிறகு உடம்பு அதன் சடலத்தைப் பார்த்து மிகையாகச் சீறும், கல்ச்சர் சுத்தமாக வந்தும் ஆள் மறுபடி குழம்புவார், பார்வை இன்னும் மங்கும். அப்போது பூஞ்சை மருந்தை விடாமல், அளந்து ஸ்டீராய்டு கொடுப்பது உண்டு, பலன் தெரிகிறது. ஆனால் எடுத்த எடுப்பில் எல்லோருக்கும் கொடுப்பது தவறு. 2016இல் எச்.ஐ.வி. நோயாளிகளிடம் டெக்சாமெத்தசோன் கொடுத்துப் பார்த்த ஆய்வைத் தீங்கு கூடியதால் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

பார்வை பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். அழுத்தத்தால் மங்கியிருந்தால், அழுத்தம் இறங்கிய பிறகு வாரக்கணக்கில் மெல்லத் திரும்பும். நரம்பே வெளுத்திருந்தால் போனது போனதுதான். கண் டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும், வார்டுக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள். காதையும் கவனியுங்கள், டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்கிறாரா என்று.

பையனுக்குத் தாத்தாவிடமிருந்து தொற்றாது. ஆளிடமிருந்து ஆளுக்குப் போகும் நோய் இல்லை இது, மடியில் உட்காரலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். புறா விஷயம் வேறு. புறா எச்சம் காய்ந்து பொடியானால் அதில் இந்தப் பூஞ்சை செழித்து வளரும், கூண்டைப் பெருக்கும்போது கிளம்பும் தூசி மூக்குக்குள் போகும். நல்ல உடம்புக்கு ஒன்றும் ஆகாது, நம்மில் பலர் தெரியாமலே சுவாசித்துத் தாண்டியிருப்போம். அப்பாவுக்கு இனி ஆகாது. புறாக்களை யாருக்காவது கொடுத்துவிடுங்கள், அவர் டிஸ்சார்ஜ் ஆகுமுன் மாடியை முகக்கவசம் போட்டுக்கொண்டு, தண்ணீர் தெளித்து ஈரமாக்கிய பிறகு கழுவுங்கள். வறட்டு விளக்குமாறு வேண்டாம். தேயிலை ஃபேக்டரிக்கு விறகு வெட்டும் தைலமரத்தைப் பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள், கிரிப்டோகாக்கஸில் 'காட்டி' (gattii) என்றொரு வகையை ஆஸ்திரேலியாவில் தைலமரத்தில் கண்டது உண்மை, அந்த வகை ஆரோக்கியமான ஆட்களையும் பிடிக்கும் என்பதும் உண்மை. ஆனால் 1999 முதல் கனடாவின் வான்கூவர் தீவில் அது பரவியபோது அங்கே மற்ற மரங்களில்தான் இருந்தது. வெட்டுவதாக இருந்தால் மலையில் ஒரு மரமும் மிஞ்சாது, அதை விடுங்கள்.

டிஸ்சார்ஜுக்குப் பிறகுதான் உங்கள் வேலை ஆரம்பம். ஃப்ளூகோனசோல் மாத்திரை முதல் எட்டு வாரம் பெரிய அளவு, சாதாரணமாக 400 மில்லிகிராமோ அதற்கு மேலோ, அப்புறம் 200, ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை. தலைவலி போனதும் நிறுத்துகிறவர்களிடம் நோய் திரும்பி வரும். அப்பா சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு அல்லது கிளிபென்கிளமைடு சாப்பிட்டு வந்தாரா? ஃப்ளூகோனசோல் அவற்றின் வேகத்தைக் கூட்டி, சர்க்கரையைப் பாதாளத்துக்கு இறக்கும், அதிகாலையில் வியர்த்து மயங்கிக் கிடப்பார், நீங்கள் மூளைப் பூஞ்சை என்று ஜீப் பிடித்து மலையேறுவீர்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் வாங்கி வையுங்கள், விரலில் ஒரு குத்து போதும். கொழுப்புக்கு ஸ்டாட்டின், வலிப்புக்கு ஃபெனிடாயின் இருந்தால் அதையும் சொல்லுங்கள். காசநோய் மாத்திரையைத் தொடர்கிறார்களா நிறுத்துகிறார்களா என்பதையும் வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள், அதிலுள்ள ரிஃபாம்பிசின் ஃப்ளூகோனசோலைக் கரைத்துவிடும், நிறுத்திய பிறகும் ஓரிரு வாரம் அந்தக் குணம் இருக்கும்.

கம்பத்தில் மாத்திரை வாங்கும்போது கேரள டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டி, பெயரையும் மில்லிகிராமையும் சீட்டோடு ஒப்பிட்டு வாங்குங்கள், தோல் படைக்குக் கொடுக்கிற 150 மில்லிகிராம் ஒற்றை மாத்திரையைக் கையில் திணித்த கடைகளை எனக்குத் தெரியும். ரத்தத்தில் ஆன்டிஜன் மறுபடி பாசிட்டிவ் என்று யாராவது பயமுறுத்தினால் அசராதீர்கள், பூஞ்சை செத்த பிறகும் பல மாதம் அது பாசிட்டிவாகவே நிற்கும். மறுபடி தலைவலி கூடினால், வாந்தி வந்தால், இரட்டை இரட்டையாகத் தெரிந்தால், நடை தள்ளாடினால், மறுநாளுக்குத் தள்ளாமல் போக வேண்டும், போன உடனே அழுத்தம் பார்க்கச் சொல்ல வேண்டும்.

கட்டஞ்சாயா தாராளமாகக் கொடுங்கள், சர்க்கரை போடாமல். சொந்தக்காரர்கள் தூக்கிக்கொண்டு வரும் இளநீரை மட்டும் நர்ஸ் சேச்சியிடம் அன்றைய பொட்டாசியம் எவ்வளவு என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். மருந்து பொட்டாசியத்தை இறக்கும், கெட்டுப்போன சிறுநீரகம் அதை ஏற்றும், அப்பா இன்று எந்தப் பக்கம் நிற்கிறார் என்று காலை ரிப்போர்ட் சொல்லும். அண்ணனுக்கு இதை நீங்கள் படித்துக் காட்டினால் கோபப்படுவார், ராத்திரித் துணைக்கு அவரையே இரண்டு நாள் உட்கார வையுங்கள், அடுத்த தடவை முதுகு நீர் எடுத்து முடித்த அரை மணி நேரம் கழித்து அப்பா எப்படிப் பேசுகிறார் என்று அவரே பார்க்கட்டும்.